பூட்டிய வீட்டில் பசியாறிய மீன்கள்

சாவிக்காரருக்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால், அது சரியாகச் சாத்தாத கதவு. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கண் பூட்டுக்குப் போய்விடும். "இதுக்குப் பேர் பூட்டா? இதுக்கு ஒரு துணியைத் தொங்க விட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அதனாலேயே பாதிச் சொந்தக்காரர்கள் அவரை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. மீதிப் பேர் பூட்டு கெட்டால் மட்டும் கூப்பிடுவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருக்கும் அவர் கடை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு சாவி வெட்டும் மிஷின், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். ஒரு தட்டில் பித்தளை ஊசிகள் குவிந்து கிடக்கும். பூட்டுக்குள்ளே இருப்பவை இந்த ஊசிகள்தான். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வரிசையாக நிற்கும். சாவியின் பற்கள் போய் அவற்றை ஒரே மட்டத்துக்குத் தூக்கிவிட்டால் பூட்டு திறக்கும். எந்த உயரத்துக்குப் பக்கத்தில் எந்த உயரம் என்பதுதான் ஒரு பூட்டின் ரகசியம். மற்றவர்கள் அதற்கு அட்டவணை வைத்திருப்பார்கள். இவர் தட்டைப் பார்க்கக்கூட மாட்டார். வாடிக்கையாளரோடு வாய் பேசிக்கொண்டிருக்கும். கை தன் பாட்டுக்கு ஊசிகளைப் பொறுக்கி அடுக்கும்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் அடுக்குவேன். என் கைக்குத் தனி மூளை" என்பார்.

"அப்போ தலையில இருக்கறதை யாருக்காவது குடுத்துடலாமே" என்பாள் அவர் மனைவி.

மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பவள். முன்னறையில் ஜன்னல் இல்லாத சுவரோரம் அவளுடைய மிஷின், அதற்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டியில் நியான் டெட்ரா என்று சொல்லப்படும் குட்டி மீன்கள். சுண்டுவிரல் நகத்தைக் கொஞ்சம் இழுத்து நீட்டிய அளவுதான் இருக்கும். உடம்பில் பேனா மை கசிந்த மாதிரி ஒரு நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். எத்தனை இருக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது. எண்ணி முடிப்பதற்குள் இடம் மாற்றிவிடும்.

"ஒண்ணுக்காவது சொந்த புத்தி இருக்கா பாரு. பட்டாளம் மாதிரி திரும்புது" என்று கேலி செய்வார் சாவிக்காரர்.

"ஒண்ணா இருக்கறதுதான் அதுங்களுக்குப் புத்தி. கூட்டத்தைக் கொறைச்சுப் பாருங்க. மூலையில ஒளிஞ்சுக்கும், நெறம் போயிடும், சாப்பிடாது. அப்புறம் ஒவ்வொண்ணா போய்ச் சேர்ந்துடும்."

"மனுஷனை விட மோசம்."

"மனுஷன் மட்டும் என்னவாம்?"

அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும், மொத்தக் கூட்டமும் நாற்காலிப் பக்கத்து மூலைக்கு வந்து மூக்கைத் தூக்கி நிற்கும். "வந்துட்டேன், வந்துட்டேன், உயிரை வாங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை தூவுவாள். ஒரு சிட்டிகைதான். நூல் அளக்கிறவள் அல்லவா, மீன் சாப்பாட்டிலும் மிச்சம் வைக்க மாட்டாள். சாவிக்காரர் தொட்டியின் பக்கம் திரும்பியதே இல்லை. மீனுக்குப் பூட்டு கிடையாது, அவருக்கு அங்கே என்ன வேலை.

அப்புறம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இருமல் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு வாசலில் கிடந்த பெஞ்சே அவருக்கு வீடாகிப் போனது. ஒரு நாள் பைக்குள் அவளுடைய செருப்பையும் சீப்பையும் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தார்.

முன்னறையில் தொட்டி இருட்டாக இருந்தது. தொட்டி விளக்கின் சுவிட்சைப் போட்டார். மீன்கள் வெளுத்துப்போய், கண்ணாடிச் சில்லு மாதிரி, உள்ளே முள் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தன. செத்துவிட்டனவோ என்று குனிந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மெல்ல மெல்ல நீலம் ஊறி வந்தது, பிறகு சிவப்பு. இருட்டினால் நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கு வந்து கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் எடுத்து மாட்டிக்கொள்ளும் சாதி அது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் அது அவருக்குத் தெரியாது.

மறுநாள் வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரனுக்குக் குமிழி என்று பட்டப்பெயர். யோசிக்கும்போது கன்னத்தை உப்பி உப்பி விடுவான். அவன் தொட்டிகளில் இருக்கிற மீன்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் சட்டை மட்டும்தான்.

"என்னண்ணே, நீங்க இந்தப் பக்கம்? நம்ம கடையில பூட்டு ஒண்ணும் கெட்டுப்போகலையே."

"மீனுக்கு எப்படிச் சாப்பாடு போடணும்?"

"அக்கா சொல்லித் தரலையா?"

"சொன்னா. நான்தான் கேக்கல."

குமிழி கன்னத்தை உப்பினான், விட்டான். அதற்கு மேல் கேலி பண்ணவில்லை. "ரெண்டு விரல்ல ஒரு சிட்டிகை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பாவம் பசிக்குமேன்னு கூடப் போட்டீங்கன்னா மிச்சம் அடியில போய் அழுகும், தண்ணி விஷமாயிடும். தண்ணி மாத்தும்போது குழாயிலேர்ந்து அப்படியே ஊத்தாதீங்க. பக்கெட்ல பிடிச்சு ஒரு நாள் வெச்சிருந்து, மருந்து வாசனை போனப்புறம் ஊத்துங்க. அப்புறம் ஒண்ணு. அதுங்க ஆளைப் பாக்காது, கையைத்தான் பாக்கும். எந்தப் பக்கம் கை வருதோ அந்தப் பக்கம் வந்து நிக்கும். கொஞ்ச நாள்ல உங்களுக்கும் வரும்."

அவள் நாற்காலியில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. வாசல் பக்கம் நின்றபடியே சிட்டிகை போட்டார். கொஞ்ச நாளில் கூட்டம் அவர் பக்கமும் வர ஆரம்பித்தது. வாயைத் திறந்து திறந்து மூடும் அந்தச் சின்ன மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டு, கடையில் நடந்ததை எல்லாம் சொல்வார். துண்டோடு வாசலுக்குப் பேப்பர் எடுக்க வந்து, கதவு சாத்திக்கொண்டு, துண்டோடே கடை வரைக்கும் நடந்து வந்த வங்கி மேனேஜரின் கதையை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மீன்கள் மூன்று தடவையும் ஒழுங்காகக் கேட்டன.

பிறகு ஒரு சாயங்காலம், அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, கூட்டம் வாசல் பக்கம் வரவில்லை. நாற்காலிப் பக்கத்து மூலையில் நின்றுகொண்டிருந்தது.

சிட்டிகையைத் தூவினார். ஒன்றிரண்டு மட்டும் வந்து வாயில் வாங்கித் துப்பிவிட்டுப் போயின. குனிந்து பார்த்தார். வயிறெல்லாம் உருண்டு திரண்டிருந்தது. சாப்பிட்டாகிவிட்டது. காலையில் போட்டது அந்நேரம் வரைக்கும் நிற்காது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் தண்ணீர் மாற்றலாம் என்று பார்த்தால், முந்தின நாள் பிடித்து வைக்க மறந்த பக்கெட்டில் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி, ஒரு அசைவில்லாமல் நின்றது. நாற்காலி கொஞ்சம் திரும்பியிருந்தது, யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்து போன மாதிரி. தொட்டியின் கண்ணாடியில் அவருடைய விரல் அடையாளங்கள் பித்தளைப் பொடியோடு எப்போதும் இருக்கும், யாரோ துடைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாசனை. மெல்லிசாக, கதவைத் திறந்ததும் ஒரு தரம் மூக்கில் பட்டுவிட்டுப் போகும் ஆஸ்பத்திரி மருந்து வாசனை. அவள் கடைசியாகப் படுத்திருந்த அறையின் வாசனை.

முதலில் திருடன் என்றுதான் நினைத்தார். பீரோவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஒரு குண்டூசி குறையவில்லை. வீடு புகுந்து மீனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போகிற திருடனை அவர் கேள்விப்பட்டதில்லை. பூட்டில் ஒரு கீறல் இல்லை, நெம்பிய தடமில்லை. ஊரில் எவன் கைவைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் பூட்டை மாற்றினார். கடையில் விற்கிற தகர டப்பா எதற்கு, தன் கையாலேயே ஒரு புதுப் பூட்டுக்கு ஊசி அடுக்கி, அதற்குச் சாவி வெட்டி, கதவில் பொருத்தினார். மறுநாள் சாயங்காலம் மீன்கள் நாற்காலி மூலையில் வயிறு நிறைந்து நின்றன.

அதையும் கழற்றினார். இன்னொன்று செய்தார். இந்தத் தடவை கடையைச் சாத்திவிட்டு, ஒருவரும் பார்க்காமல் செய்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பின் குத்திக்கொண்டார். மறுநாள் கதவைத் திறந்தபோது அந்த வாசனை அவருக்காகக் காத்திருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க ஊரார் கதவுகளைக் காவல் காத்தவர். தான் செய்த பூட்டை உடைக்காமல், நெம்பாமல், தொடாமல் ஒருவர் உள்ளே வருகிறார் என்றால், அந்த ஆளுக்குப் பூட்டு ஒரு பொருட்டில்லை என்று அர்த்தம். அப்படி வரக்கூடியவள் யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பயந்திருக்க வேண்டும். முதுகு சிலிர்த்தது உண்மை. ஆனால் பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவர் தாடியை மழித்தார்.

அதற்கப்புறம் கதவைத் திறப்பதற்கு முன் வெளியில் நின்று ஒரு தரம் இருமுவார். சட்டென்று உள்ளே போய்விட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று. உள்ளே வந்ததும் மீன்களைப் பார்த்துப் பேசாமல் நாற்காலியைப் பார்த்துப் பேசினார். மேனேஜர் கதையை நான்காவது தடவையாகச் சொன்னார்.

இது இப்படியே போயிருந்தால் அவருக்கு ஒரு குறையுமில்லை. மீன்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் முதலில் லேசாகக் கலங்கியது. பிறகு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது. மீன்கள் மேலே வந்து காற்றைக் கவ்வின. ஒரு காலை வடிகட்டியின் ஓரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. நிறமெல்லாம் போய், விளக்கைப் போட்டும் திரும்பி வராமல். இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

குமிழியை வீட்டுக்கே கூட்டி வந்தார். அவன் தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான்.

"ரெண்டு கை போடுதுண்ணே."

"வீட்ல நான் ஒருத்தன்தானேப்பா."

"அடியில பாருங்க, மெத்தை மாதிரி கெடக்கு. இது ஒரு கை போட்டது இல்ல." கூட்டம் நாற்காலி மூலையில் நிற்பதைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். கன்னத்தை உப்பியவன் விட மறந்துவிட்டான். "நீங்க நிக்கறது இந்தப் பக்கம்தானே?"

சாவிக்காரர் நகர்ந்து நாற்காலியை மறைத்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்ணே. இது மட்டும் சொல்லிட்டுப் போறேன். இப்பவே கூட்டம் கொறைய ஆரம்பிச்சாச்சு. இன்னும் நாலஞ்சு போச்சுன்னா மிச்சம் மூலையில போய் ஒடுங்கிடும். அப்புறம் நீங்க என்ன பண்ணாலும் நிக்காது. ஒரு கை நிக்கணும்." வாசலைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விட்டான்.

எந்தக் கை நிற்பது என்பதில் சாவிக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாளிலிருந்து அவர் போடுவதை நிறுத்தினார். அவளுடைய மீன், அவளே போடட்டும். ஆனால் தண்ணீர் தெளியவில்லை. அவர் போடாததால் பசித்த மீன்கள் அந்தக் கைக்கு ஓடிப்போய் நின்றிருக்கும். கை இன்னும் தாராளமாகப் போட்டிருந்தது. அடியில் மெத்தை தடித்தது. மூன்றாவது மீனும் போயிற்று.

அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஒரு சிட்டிகைக்கு மேல் ஒரு துணுக்கு போடாதவள் அவள். செத்துப்போனால் அளவு மறந்துவிடுமா? எல்லாம் மறந்துபோய், மீனுக்குப் பசிக்கும் என்பது மட்டும் நினைவிருக்குமா? அப்படி என்றால் தினமும் வந்து அந்த நாற்காலியில் உட்கார்வது அவளில் எத்தனை பங்கு?

அன்றைக்கு நாற்காலியின் முன்னால் போய் நின்று, வாடிக்கையாளரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "நீ போடறது ஜாஸ்தியா இருக்கு. கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேன். நீ வா, வரவேண்டாம்னு சொல்லல. கையை மட்டும் சும்மா வெச்சுக்கிட்டு இரு."

கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதே அவர் சொல்லி எதையும் கேட்டவள் இல்லைதான்.

மீன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீரின் மேல் துணுக்குகள் மிதந்தன. அவர் டப்பாவில் இருப்பவை பழுப்பு. இவை சிவப்பு.

விரல் நுனியில் ஒட்டி எடுத்துக்கொண்டு குமிழியிடம் போனார். அவன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது நம்ம சரக்கு இல்லண்ணே. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடை இருக்குல்ல, அங்கதான் இந்தச் சிவப்பு விக்கறாங்க." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "ஏண்ணே, உக்காருங்க. தண்ணி வேணுமா?"

ஆஸ்பத்திரிக்கு எதிரில். சாவிக்காரர் வீட்டுக்கு நடந்த வழி அவருக்கு நினைவில்லை. அவள் அங்கிருந்துதான் வருகிறாள். அங்கிருந்து கிளம்பி, எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு, தெருவெல்லாம் நடந்து வருகிறாள். ஒருவரும் பார்க்காமல்.

இனி தள்ளிப்போட முடியாது. நேரில் சொல்லியாக வேண்டும். வராதே என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் மீன்கள் போய்விடும். சொன்னால் அவள் போய்விடுவாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அவர் என்றைக்கும் தைரியசாலி இல்லை.

மறுநாள் மதியம் கடையைச் சாத்தினார். பக்கத்து ஜெராக்ஸ்காரர், "என்ன சாவி, பட்டப்பகல்ல ஷட்டர் இறங்குது?" என்றார். "வீட்ல ஆள் வராங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இடுக்கு வழியாகத் தொட்டி தெரிந்தது. விளக்குப் போடவில்லை. அரையிருட்டில் மீன்கள் வெளுத்து, நடுத்தண்ணீரில் தூக்கத்தில் நிற்பவை போல நின்றன. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. குழாய் ஒன்று எங்கோ சொட்டியது. வெகு நேரம் வேறு எதுவும் இல்லை.

திடீரென்று மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. வாசலைப் பார்த்தன.

அவர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் படியில் ஏதோ உரசியது. அதற்கும் பிறகு பூட்டுக்குள் சாவி நுழைந்தது.

பூட்டுச் சத்தத்தைக் கேட்டே யார் திறக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர் அவர். அந்தக் கதவு கொஞ்சம் தொங்கிப்போன கதவு. அவர் எப்போதும் தோளால் ஒரு இடி இடித்துத் திறப்பார். அவள் மட்டும்தான், சாவியைப் பாதி திருப்பி நிறுத்தி, கைப்பிடியை மேலே தூக்கி, மிச்சத்தைத் திருப்புவாள். கிளிக், ஒரு மௌனம், ஒரு சின்ன முனகல், மறுபடி கிளிக். வருஷக்கணக்காக உள்ளறையில் படுத்தபடி கேட்ட சத்தம்.

கிளிக். மௌனம். முனகல். கிளிக்.

முன்னறை விளக்கு எரிந்தது. மருந்து வாசனை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு குரல், களைத்துப்போன, தாழ்ந்த குரல்.

"வந்துட்டேன், வந்துட்டேன், உயிரை வாங்காதீங்க."

சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்தார், கதவைத் தள்ளினார், "நீ" என்று மட்டும் சொன்னார்.

நாற்காலியில் இருந்தவள் "அம்மா" என்று அலறிக்கொண்டு எழுந்து தையல் மிஷின் மேலேயே விழப் பார்த்தாள். டப்பா கையிலிருந்து பறந்தது. தரையெல்லாம் சிவப்புத் துணுக்கு. வெள்ளை உடை, வெள்ளை ஷூ, தோளில் பை. வார்டில் அவர் மனைவிக்கு ஊசி போட்ட நர்ஸ்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைப் பார்த்து அதிகம் பயந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

"நீங்கதானா சார்?" என்றாள் நர்ஸ், நெஞ்சில் கை வைத்தபடி. "நான் வேற நெனச்சேன்."

"வேற யாருன்னு?"

நர்ஸ் தயங்கினாள். "இல்ல, கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும், நான் வரும்போது மீனுங்க ஏற்கெனவே சாப்பிட்டிருக்கும் சார். தண்ணி மாறியிருக்கும். அக்கா சொல்லியிருந்தாங்க, அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்னு. அப்போ யாரு போடறாங்கன்னு... நான் அக்காதான்னு நெனச்சேன். பயமா இருக்கும். இருந்தாலும் வந்துட்டுப் போவேன்."

சாவிக்காரர் தரையிலேயே உட்கார்ந்தார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவள் சொன்னது சரிதான், அதனால்தான் உறைத்தது.

"எப்போ குடுத்தா சாவியை?"

"சேர்ந்த ரெண்டாவது நாளே. என் ரூம் உங்க பின்தெருதான் சார். டூட்டி முடிச்சுப் போற வழி. கதவு எப்படித் திறக்கணும், மீன்கிட்ட என்ன சொல்லணும், பக்கெட்ல எப்போ தண்ணி பிடிச்சு வைக்கணும்னு எல்லாம் பாடம் நடத்தினாங்க. எவ்வளவு போடணும்னு மட்டும் அன்னிக்கு இருமல்ல சரியாச் சொல்ல முடியல. நான் கை நெறையத்தான் போட்டேன். அப்புறம் ஷிப்ட் மாறி ராத்திரி டூட்டி போட்டுட்டாங்க. கொஞ்ச நாள் வர முடியல, மனசு கெடந்து அடிச்சுது. மறுபடி பகல் டூட்டி வந்ததும் ஓடி வந்தேன்."

"அவ போனது உங்களுக்குத் தெரியும்ல?"

"நான்தான சார் பக்கத்துல இருந்தேன்." நர்ஸ் குனிந்து துணுக்குகளைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோம்மான்னு சொன்னாங்க. அவங்க வரல. அதான் நிறுத்தத் தெரியல."

சாவிக்காரர் கொஞ்ச நேரம் முகத்தைத் துடைக்கும் வேலையில் இருந்தார். பிறகு தொழில் நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் சரிம்மா. நான் பூட்டை ரெண்டு தடவை மாத்தினேனே. எப்படி உள்ள வந்தீங்க?"

"மாத்துனீங்களா?" என்றாள் நர்ஸ். "எனக்குத் தெரியாதே. அதே சாவிதான்."

வாங்கிப் பார்த்தார். இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கு, பூட்டுக்குத் தானே ஊசி அடுக்கி, அவர் மனைவிக்கென்று வெட்டிக் கொடுத்த சாவி. பின்னைக் கழற்றித் தன் பையிலிருந்த புதுச் சாவியை எடுத்து அதன் மேல் வைத்தார். பல்லுக்குப் பல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தது. தனி மூளை உள்ள கை அல்லவா. இரண்டு தடவையும் தட்டைப் பார்க்காமல், தனக்குப் பழகிப்போன ஒரே வரிசையை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறது. அவளை வெளியே நிறுத்துகிற பூட்டு அந்தக் கைக்குச் செய்யத் தெரியவில்லை.

"இதை வெளியில சொல்லிடாதீங்க" என்றார். "கடையைச் சாத்திட வேண்டியதுதான்."

நர்ஸ் முதல் தடவையாகச் சிரித்தாள்.

குமிழியிடம் யோசனை கேட்டு, அன்றைக்கே இருவரும் சேர்ந்து அடியில் கிடந்த மெத்தையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். கால் பங்குத் தண்ணீர் மாற்றினார்கள். இனி காலைச் சிட்டிகை அவருடையது, மதியம் நர்ஸுடையது, அதுவும் அவர் விரலால் அளந்து காட்டிய அளவு. "ஆனா நாளைக்கு ஒரு நாள் யாரும் ஒண்ணும் போடக் கூடாது. முழுப் பட்டினி. தொட்டி பக்கமே போகாதீங்க, வெளக்கும் வேண்டாம், இருட்டுல அசையாம கெடக்கட்டும்" என்று குமிழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வந்தால் மனசு கேட்காது என்று நர்ஸ் தன் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனாள். "நாளன்னிக்கு வந்து வாங்கிக்கறேன் சார்."

மறுநாள் காலையில் அவர் விளக்கைத் தொடவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார். பகல் முழுக்க இரண்டு சாவியும் அவர் பையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. மனம் லேசாகவும் இருந்தது, காலியாகவும் இருந்தது. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். அது நர்ஸ்.

சாயங்காலம் படியேறியவர், பழக்கத்தில் ஒரு தரம் இருமினார். இருமிவிட்டுத் தன்னையே கேலி செய்துகொண்டார். தோளால் இடித்துக் கதவைத் திறந்தார்.

மருந்து வாசனை இல்லை. அறை அரையிருட்டு. சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது.

மீன்கள் நாற்காலிப் பக்கத்து மூலையில் நின்றன. வயிறு ஒட்டித்தான் இருந்தது. தண்ணீரில் ஒரு துணுக்கும் இல்லை. ஆனால் மூக்கைத் தூக்கி, ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் நடந்து வந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இருட்டில் வெளுத்திருக்க வேண்டியவை, பகலெல்லாம் விளக்கே காணாதவை, நீலமும் சிவப்பும் முழுசாக மாட்டிக்கொண்டு நின்றன, இப்போதுதான் யாரோ விளக்கை அணைத்த மாதிரி.

தொட்டி விளக்கின் மூடியைத் தொட்டுப் பார்க்கலாம். சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, தெரிந்துவிடும். கை அதுவரைக்கும் போயிற்று. திருப்பி எடுத்துக்கொண்டார்.

அவள் ஒன்றும் போடவில்லை. கையைச் சும்மா வெச்சுக்கிட்டு இரு என்று சொன்னார் அல்லவா, இருந்திருக்கிறாள்.

சாவிக்காரர் பின்னோக்கி நடந்து வெளியில் வந்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அவசரமில்ல" என்றார், கதவுக்கு முதுகைக் காட்டியபடி. "நீ மெதுவா எழுந்து வா."